மதிப்பீட்டாளர் ஏழும் மெழுகுதிரி வியாபாரியும்

பெல்தம் நிலவியல் தகுதிக் கழகத்தில் நிலவியல் படித்தவர் ஒருவர்கூட வேலை செய்யவில்லை. செய்யக்கூடாது என்பது கழகத்தின் கொள்கை. கல்லைப் பற்றித் தெரிந்தவர் உள்ளே வந்தால், கல்லைப் பற்றித் தெரிந்த இன்னொருவருக்கு இரக்கம் காட்டிவிடுவார் என்று அவர்களுக்குப் பயம். ஆகையால் மெல்பேர்னில், மல்கிரேவ் பக்கத்து அலுவலகக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், கல்லென்று ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திராத பதினான்கு பேர், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறவர் நிலவியலாளர், எவர் இல்லை என்று ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். கழகத்தின் கடிதம் இருந்தால்தான் குடிவரவுத் திணைக்களம் விசா விண்ணப்பத்தைத் திரும்பியாவது பார்க்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு இங்கே மதிப்பீட்டாளர் என்று பெயர்.

அருந்ததி மதிப்பீட்டாளர் ஏழு. கடிதங்களில் பெயர் போடும் வழக்கமில்லை, இலக்கம் மட்டும்தான். வவுனியாவிலிருந்து மாணவியாக வந்து, மனிதவள முகாமைத்துவத்தில் பட்டம் எடுத்து, கழகமே ஸ்பொன்சர் பண்ணிய விசாவில் இருந்தாள். பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிடம் கிடைக்க இன்னும் எட்டு மாதம். நாளுக்கு ஒன்பது கோப்பு முடிக்க வேண்டும். முடிக்காதவரின் இலக்கம் வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரிய திரையில் சிவப்பாக வரும், எல்லோரும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரிப் போவார்கள். ஏழு ஒருநாளும் சிவந்ததில்லை.

அப்படியொரு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஒன்பதாவது கோப்பைத் திறந்தாள். பேராதனையில் நிலவியல் பட்டம். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் வன்னியில் குழாய்க்கிணறு தோண்ட இடம் பார்த்த வேலை. வேலைக்கு அத்தாட்சியாக மேலதிகாரி ஒருவர் அலுவலகத் தலைப்பிட்ட தாளில் கொடுத்த கடிதம் வேண்டும். அது இருக்க வேண்டிய இடத்தில் கையால் வரைந்த வரைபடம் ஒன்று இருந்தது. அதில் நாற்பத்தொரு புள்ளிகள். அடியில் ஒரு குறிப்பு: அலுவலகம் யுத்தத்தில் எரிந்துவிட்டது, கோப்புகளும் எரிந்துவிட்டன, மேலதிகாரியும் இல்லை, கிணறுகள் இருக்கின்றன, தயவுசெய்து யாரையாவது அனுப்பிப் பார்க்கவும்.

கடவுச்சீட்டுப் பக்கத்தைத் திறந்தபோது நாலாம் யூனிட் தருமராசா அண்ணையின் முகம் இருந்தது. அவளுடைய வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் ஒரே சுவர். அவருடைய மனைவி நிரஞ்சினி கணக்கியல் படிக்க வந்தவர், அந்த மாணவர் விசாவில்தான் குடும்பமே ஒட்டிக்கொண்டிருந்தது. விசா நவம்பரில் முடிகிறது. தெரிந்தவரின் கோப்பு வந்தால் படிவம் இருபத்திரண்டை நிரப்பி வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். நிரப்ப இருபது நிமிடமாகும், கோப்பு திங்களுக்குப் போய்விடும், அன்றைய எண்ணிக்கை எட்டாக நின்றுவிடும். அந்த எட்டுக்குப் பயந்துதான் அவள் படிவத்தை எடுக்கவில்லை. வேறு காரணம் சொன்னால் பொய். பதினொரு நிமிடத்தில் மூன்று காரணங்களோடு நிராகரிப்புக் கடிதம் தயாராகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை தருமராசா அந்தக் கடிதத்தோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அருந்ததி ஏதோ ஒஃபிஸில் எச்.ஆர். என்பதற்கு மேல் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. குசினி மேசையில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தின் இங்கிலீஷ் வளைஞ்சு வளைஞ்சு போகுது, ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ தங்கச்சி என்று கேட்டார்.

அவள் விளங்கப்படுத்தினாள். தான் எழுதியதைத் தானே, யாரோ எழுதியதுபோல், பாவம் என்ற குரலில் விளங்கப்படுத்தினாள். தலைப்பிட்ட தாள் இல்லை. மேலதிகாரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை. கிணறு என்பது கழகம் ஏற்றுக்கொள்ளும் ஆவண வகைகளில் இல்லை. மூன்றையும் சொல்லி முடித்தபோது கடிதம் மேசையில் முதல் பக்கம் மேலாகக் கிடந்தது. தருமராசா அதை எடுத்து மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எழுதின ஆக்கள் ஒழுங்காத்தான் எழுதியிருக்கினம்" என்றார். "கிணத்தில தண்ணி இருக்குது. அதை ஆர் போய்ப் பாக்கப்போகினம்."

மீளாய்வு கேட்கலாம் என்று அவள் சொன்னாள். கேட்டால் நவம்பருக்குள் முடிவு வந்துவிடும், அதுவரைக்கும் வழியிருக்கு என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, போட்டு வாறன் என்று எழுந்து போனார். மறுநாள் நிரஞ்சினி ஒரு டப்பாவில் மீன்குழம்பும் புட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அருந்ததி அதைச் சாப்பிட உட்கார்ந்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல், மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் கழகத்துக்கு ஒரு பெரிய அவமானம் நேர்ந்தது.

கழகத்துக்குப் பெயர் தந்த ஹொரேஷியோ பெல்தம், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்காரர். ஆதிமனிதன் மனிதர்கள் நினைத்ததைவிடப் பல்லாயிரம் வருடம் பழையவன் என்று, ஆற்றுச் சரளையில் யானை எலும்போடு கிடந்த கல்லாயுதங்களைக் காட்டி நிரூபித்தவர்களில் அவரும் ஒருவர். வரவேற்பறைப் படத்தில் அவருடைய தாடி இருக்கிறது. அவர் பிறந்த இருநூறாவது ஆண்டு வந்தது. விழா மலர் தயாரிக்கப்போனவர்கள் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அதில் பெல்தமின் பெயர் இல்லை என்று கண்டார்கள். பெல்தம் கழகத்தில் பெல்தம் உறுப்பினராக இருக்கவில்லை.

நிறைவேற்று அதிகாரி கிரெக் ஹாலோவே இதற்கு முன் உடற்பயிற்சிக் கூடங்களை நிர்வகித்தவர். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. பெல்தமின் பெயரில் ஒரு விண்ணப்பம் போடச் சொன்னார். எல்லோரையும் மதிப்பிடுவது போலவே அவரையும் மதிப்பிட வேண்டும், ஒரு சலுகையும் கூடாது, பத்திரிகைக்காரருக்கு அது பிடிக்கும் என்றார். வழக்கம்போல வரிசையில் வந்து, அந்தக் கோப்பு ஏழாம் இலக்கத்தின் மேசையில் விழுந்தது.

அருந்ததி ஒரு சலுகையும் காட்டவில்லை. படிப்பு: பதினாறு வயதோடு நின்றது. தொழில்: தகப்பனின் மெழுகுதிரிக் கடை, நாற்பது வருடம். நிலவியல் வேலை: ஞாயிற்றுக்கிழமைகளிலும், மெழுகுதிரி விற்கப்போகும் வழியில் ரயில் நிற்கும் நேரத்திலும். ரயில் பாதைக்கு மலையை வெட்டிய இடத்திலெல்லாம் இறங்கி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்று, நாலு முறை ரயிலைத் தவறவிட்டிருக்கிறார். வாரத்துக்கு இருபது மணிநேரம் என்ற நிபந்தனைக்கு இது போதாது. தலைப்பிட்ட தாள் இருந்தது, ஆனால் அதில் மெழுகுதிரிப் படம் போட்டிருந்தது. அறுபது வயதில் ஒரு பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. பட்டமில்லாதவர் பேராசிரியராக முடியாது என்பதால் அதற்கு முதல்நாள் பின்னேரம் அவசரமாக ஒரு பட்டமும் கொடுத்தது. அது வேலைக்குப் பிந்திய பட்டம், செல்லாது. ஆங்கிலேயர் என்பதற்குக் கடவுச்சீட்டு இல்லை, ஆகவே ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும்.

தகுதியில்லை என்ற பொத்தானை அழுத்தினாள். அழுத்தியபோது, இந்த மனிதருக்கும் நாலாம் யூனிட்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணம் தோன்றியது. தாடிதான் என்று நினைத்துக்கொண்டாள். கடிதம் விண்ணப்பதாரரின் முகவரிக்குத் தானாகப் போனது. அந்த முகவரி கழகத்தின் முகவரி. திங்கட்கிழமை காலை வரவேற்பறையில், பெல்தமின் படத்துக்குக் கீழே வைத்து, பெல்தமுக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தை உடைத்தார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. அருந்ததியை யாரும் திட்டவில்லை. விதிப்படி செய்திருக்கிறாள், அதுதான் பிரச்சினையே. ஒருவர், பெல்தம் எழுதிய அறுநூறு பக்கப் புத்தகத்தை ஆங்கில எழுத்துப் பரீட்சையாக ஏற்கலாமா என்று கேட்டார். எழுத்துக்குச் சரி, செவிமடுத்தலுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வசித்த நாடுகளிலெல்லாம் பொலிஸ் சான்றிதழ் எடுக்க வேண்டுமே என்று மூன்றாமவர் நினைவுபடுத்தினார். பரீட்சை நிலையத்தில் அன்றைக்கே எடுத்த முகப்படம் கேட்பார்கள் என்றார் நாலாமவர். அதை மட்டும் எப்படி எடுப்பதென்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

கொள்கைப் பிரிவுத் தலைவர் நரசிம்மன்தான் வழி சொன்னார். சென்னையிலிருந்து வந்து இருபது வருடமாகிறவர், கழகத்தின் விதிப்புத்தகத்தில் பாதி அவர் எழுதியது. விதியை யாருக்காகவும் மாற்றக் கூடாது, ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றார். அன்று மாலைக்குள் 'மரபுப் பாதை' என்றொரு புதிய பிரிவு பிறந்தது. ஆவணங்கள் இல்லாவிட்டாலும், செய்த வேலையே சான்றாக நிற்குமானால் அவரை நிலவியலாளர் என்று கழகம் ஏற்கும். கிரெக் எழுந்து நின்று, மனிதரைக் காகிதத்தால் அளக்கிற காலம் முடிந்துவிட்டது, இந்த நிறுவனம் என்றுமே காகிதத்தைப் பெரிதாக எண்ணியதில்லை என்று பேசினார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அருந்ததிக்கு அந்த நாற்பத்தொரு புள்ளிகள் நினைவுக்கு வந்தன. கையை உயர்த்தி, இந்தப் பாதை மற்றவர்களுக்கும் உண்டா என்று கேட்டாள். கட்டாயம் உண்டு, நாங்கள் ஆளுக்கொரு நீதி வைப்பதில்லை என்றார் கிரெக். ஒரேயொரு நிபந்தனை. பக்கச்சார்பைத் தவிர்ப்பதற்காக, முடிவினால் விண்ணப்பதாரருக்கு எந்த நன்மையும் விளையக்கூடாது.

லிஃப்டில் இறங்கும்போது நரசிம்மன் அவளிடம் தமிழில் சொன்னார்.

"செத்தவருக்குக் குடுத்தா பிரச்சினையே இல்லம்மா. உயிரோட இருக்கறவன் அந்த லெட்டரை எடுத்துட்டுப் போயி எதையாவது பண்ணிடுவான்."

"என்ன செய்வினம்?"

"இங்கயே இருந்துடுவான்."

யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு கேட்டாயா என்றும் விசாரித்தார். இல்லை, சும்மா கேட்டனான் என்றாள் அருந்ததி. எட்டு மாதம் இப்போது ஐந்தாகியிருந்தது.

விழா ஒரு வரவேற்பு மண்டபத்தில் நடந்தது. பெல்தமின் படத்துக்கு உறுப்பினர் சான்றிதழ் வழங்கப்பட்டது. கிரெக் படச் சட்டத்தைப் பிடித்துக் கைபோலக் குலுக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு வெல்வெட் துணியில் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெல்தம் கண்டெடுத்த ஆதிமனிதனின் கைக்கோடரி, சக்கிமுக்கிக் கல், கைப்பிடிக்கு அடங்குகிற அளவு. கிரெக் பெல்தமின் நாட்குறிப்பிலிருந்து வாசித்தார். சந்தேகம் வந்தால் நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேன், எலும்பானால் ஒட்டும், சக்கிமுக்கிக் கல்லானால் ஒட்டாது, இதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குக் கற்பிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. வாசித்து முடித்துவிட்டு, கல்லை நாக்கால் அறிந்த அந்த மனிதர்கள் இன்று எங்கே, அவர்களை எங்கே போய்த் தேடுவது என்று கிரெக் கைகளை விரித்தார். யாரும் வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அழைத்தார்.

விருந்தினர் ஒருவரும் அசையவில்லை. கண்ணாடிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போன ஒரு ஆள் மட்டும், தட்டைக் கீழே வைத்து, கறுப்பு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். தருமராசா. சனி ஞாயிறில் சாப்பாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார் என்று அருந்ததிக்குத் தெரியும், இந்த மண்டபத்துக்கு வருவார் என்று தெரியாது. அவர் கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில் நகத்தை ஓட்டினார். அப்புறம், வன்னியில் பத்தொன்பது வருடம் செய்ததுபோல, கூச்சமில்லாமல் நாக்கில் வைத்தார்.

கல் நாக்கில் ஒட்டியது. பிரித்தெடுத்துத் துணியில் வைத்தார். இது சக்கிமுக்கிக் கல் இல்லை சேர், பிளாஸ்டர், நல்லா நிறம் பூசியிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் சொன்னார்.

அசல் கல்லை லண்டனில் இரவல் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை என்பது கிரெக்குக்கு முன்பே தெரியும். அவருடைய முகம் சிவந்தது. இந்த மனிதரை இங்கே யாருக்காவது தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

அருந்ததி முன்வரிசையில் மூன்றாம் கதிரையில் இருந்தாள். ஓம், எனக்குத் தெரியும், இவர் ஜியாலஜிஸ்ட், நீங்கள் தேடுகிற ஆள் இவர்தான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அவள் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தருமராசாவின் கண் அவளில் ஒருமுறை நின்று விலகியது தெரிந்தது.

"இல்லை சேர்" என்றார் அவர். "எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது."

காவலாளி அவரை வெளியே கூட்டிப்போனார். அருந்ததி கைதட்டவில்லை, ஆனால் எழுந்து அவர் பின்னால் போகவும் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் போனாரே என்று முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்து அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவளுக்கு உடம்பு கூசியது.

அருகில் இருந்தவள் என்பதால் சம்பவ அறிக்கையை அவளே எழுத வேண்டியிருந்தது. பெயர் கேட்டார்கள், சாப்பாட்டுக் கம்பெனி கொடுத்தது, எழுதினாள். தொழில் என்ற கட்டத்தில் 'நிலவியலாளர்' என்று எழுதினாள். தைரியமாக எழுதிய ஒரே சொல் அதுதான். அவரை அப்படி ஏற்கும் கழகத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தை இணைக்கவும் என்று கணினி கேட்டது. நரசிம்மன் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"லெட்டர் இருக்காம்மா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி? நீயே ரூலை மீறலாமா?"

அவள் அழித்துவிட்டுப் பட்டியலில் இருந்த 'சமையற்கூட உதவியாளர்' என்பதைத் தெரிவுசெய்தாள். கணினி உடனே பச்சை அடையாளம் காட்டியது. அத்தோடு விட்டதா என்றால் இல்லை. அதே பெயரில் மீளாய்வு விண்ணப்பம் ஒன்று திறந்திருப்பதைத் தானே கண்டுபிடித்து, சம்பவத்தில் சம்பந்தப்பட்டவருக்குப் பன்னிரண்டு மாதம் மீளாய்வு கிடையாது என்று அதை மூடியது. அருந்ததி பொத்தான்களைத் தேடித் தேடி அழுத்தினாள், ஒன்றும் திறக்கவில்லை. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். அந்தக் குழியை இவள்தான் பறித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை கதவு தட்டுப்பட்டது. தருமராசா நின்றார். சவரம் செய்து, தலை வாரி, வேலைக்குப் போகிறவர்போல வந்திருந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் சூட்கேஸை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் அதே குசினி மேசையில், அதே கதிரையில் உட்கார்ந்து, கழகத்தின் கடித உறையை மேசையில் வைத்தார். உறை உடைக்கப்படாமல் இருந்தது.

அவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள். அவர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"போன முறை மூண்டாவது காரணம் அடுத்த பக்கத்தில இருந்தது. நீங்கள் திருப்பாமலே சொன்னியள். இதையும் அப்பிடியே சொல்லுங்கோ தங்கச்சி."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இருக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். அன்புள்ள திரு. தருமராசா. மேற்படி திகதியில் நடந்த சம்பவம் தொடர்பாக. சமையற்கூட உதவியாளராகிய தாங்கள். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். அவர் காத்திருந்தார். அவள் தொடர்ந்தாள். மீளாய்வு மூடப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு. தங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு எங்கள் வாழ்த்துக்கள். அவ்வளவுதான் அண்ணை என்றாள்.

"கீழ ஆரின்ர பேர்?"

"பேர் போடுறேல்லை. நம்பர்தான்."

"நான் பத்தொன்பது வருஷம் இடம் பாத்துக் குடுத்தனான்" என்றார். "உப்புத்தண்ணி வந்த கிணறும் இருக்கு, ஏழெட்டு. எல்லா ரிப்போட்டுக்குக் கீழயும் என்ர பேர் இருந்தது. நீங்கள் சொல்லுங்கோ."

அடுத்த வீட்டில் சூட்கேஸின் சத்தம் நின்றிருந்தது. அவள் தன் பெயரைச் சொன்னாள். தருமராசா உறையை எடுத்து, உடைக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகிறபோது, எப்போதும் சொல்கிற போட்டு வாறன் என்பதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.